தட்டை சாரும் காளான் முளைத்த சுவரும்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் மனிதர்களைவிடச் சுவர்களோடு அதிகம் பழகியவர் யார் என்று கேட்டால், ஏலக்காய் வியாபாரி முதல் ஜீப்பு டிரைவர் வரை ஒரே ஆளைத்தான் சொல்வார்கள். தட்டை சார். அவருடைய சொந்தப் பெயர், அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்து வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் விரலை மடக்கிச் சுவரைத் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரை நலம் விசாரிப்பார். என் அக்கா கல்யாணத்துக்கு வந்தவர், மண்டபத்துத் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், "பயப்படாம சாப்பிடுங்க, தாங்கும்" என்றார். அதுவரை பயமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர், இலையைத் தூக்கிக்கொண்டு வாசல் பந்தலுக்குப் போய்விட்டார்.

நான் அப்போது அவரிடம் ஆராய்ச்சி மாணவன். எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஊருக்கு வெளியே, மலை ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தது. ஏலச்செடி காய்த்து ஓய்ந்ததும் அதன் பழைய தண்டுகளை, அதாவது தட்டைகளை, வெட்டிப் போட்டுவிடுவார்கள். அவை மலை முழுக்க மக்கிக் கிடக்கும். அந்தத் தட்டையிலிருந்து நாரைப் பிரித்து, சுண்ணாம்பும் காப்பித்தோல் சாம்பலும் கலந்து அழுத்தி, சுவராக நிற்கக்கூடிய பலகை செய்வதுதான் எங்கள் ஆராய்ச்சி. சிமெண்டு சுடும் புகை மிச்சம். அதை மலைக்கு ஏற்றும் டீசல் மிச்சம். தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருக்கும் தோட்டத்து ஜனங்களுக்கு நிம்மதி.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. முகர்வதில்தான் சிரமம். நார் பிரிவதற்காகத் தட்டைகளைத் தொட்டியில் ஊறப் போட்டிருந்தோம். ஏலக்காய் மணக்கும் ஊரில் ஏலச்செடியை வைத்தே அப்படியொரு நாற்றத்தை உண்டாக்க முடியும் என்று நிரூபித்தவர்கள் நாங்கள். கேண்டீன்காரர் ஒரு நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"சார், ஏவாரமே படுத்துருச்சு. தொட்டிக்குள்ள எதுனாச்சும் செத்துக் கெடக்குதான்னு பாருங்க."

"சாகலை. இப்பத்தான் உயிர் வருது" என்றார் சார், தொட்டியைக் கிண்டியபடி.

அந்தக் காலத்துக் கட்டிடங்களில் சுண்ணாம்போடு வெல்லம் சேர்ப்பார்கள் என்பதால், முதல் பலகைகளுக்கு அவர் தாராளமாக வெல்லம் கரைத்து ஊற்றினார். ஆய்வுக்கூடத்து எந்திரம் அமுக்கிப் பார்த்துத் தோற்றுப்போனது. அடுத்த சோதனை மலையில் இருக்கும் குரங்கணி கிராமத்தில், ஜீப்பு நிறுத்தத்துக் கொட்டகைக்குப் பக்கச் சுவராக வைத்துப் பார்ப்பது. பலகைகளை மொக்கராசு அண்ணனின் ஜீப்பில் ஏற்றினோம்.

"சார், லோடு இப்பிடி நெறஞ்சு போச்சே. ஆளுக எங்க உக்கார்றது?" என்றார் மொக்கராசு.

"பலகை மேல உக்காரட்டும். தாங்குதான்னு பாக்கணும்."

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருத்தர் பேச்சியம்மா. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். மகளோடும் பேத்தியோடும் தகரக் கொட்டகையில் இருந்தார். பலகையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு சாரு?"

"வீட்டுச் சொவருக்கு."

"அப்ப எனக்கு ஒண்ணு கட்டித் தர்றது."

"தர்றேன். மொதல்ல நான் ஒரு மழைக்காலம் அதுக்குள்ள இருந்து பாக்கணும்."

ஜீப்பில் எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத சமயங்களில்தான் நாங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது பிடிபடவில்லை.

ஜீப்பு நிறுத்தத்துச் சுவரை அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது கீழ்ப்பாதியைக் காணவில்லை. மேல்பாதி மட்டும் கம்பத்தில் தொங்கியது. ஆடுகள் எட்டும் உயரம் வரை தின்றிருந்தன. சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல் பதிந்த இடங்களை அளந்தார்.

"பலத்துல கொறை இல்ல. ருசிதான் கூடிப்போச்சு."

ஆட்டுக்காரர் நியாயம் கேட்டு வந்தார். "என் ஆடு இப்பப் பச்சத் தழையைக் கண்டா மூஞ்சியத் திருப்புது சார். இந்தப் பலகை இன்னும் இருந்தாக் கொண்டாங்க."

வெல்லத்தை விட்டோம். புதுப் பலகைகளை வைத்து, பேச்சியம்மாவின் கொட்டகைக்குப் பக்கத்தில் அவருடைய இடத்திலேயே ஒற்றை அறை எழுப்பினோம். ஐப்பசி பிறந்ததும் சார் தலையணையோடும் பூதக்கண்ணாடியோடும் அதில் குடியேறினார். தினமும் ஜீப்பில் இறங்கி ஆய்வுக்கூடத்துக்கு வருவார், சாயங்காலம் ஏறிவிடுவார். அவரை வீட்டம்மா துரத்திவிட்டார் என்று போடியில் பேச்சு கிளம்பியது. பள்ளிக்கூடத்தில் டீச்சரான அந்த அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்.

"ஊருக்குள்ள என்ன பேசுறாகன்னு தெரியுமா? நான் ஒங்களை வெரட்டி விட்டுட்டேனாம்."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் இல்லைன்னேன்."

டீச்சர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஒழுகுதா?"

"ஒழுகல. குளிரும் இல்ல."

"அப்ப எதுக்கு சொட்டரு, குல்லா?"

"வெளிய மலைக்குளிரு இருக்குல்ல" என்றார் சார். டீச்சர் தூக்கை வைத்துவிட்டு அடுத்த ஜீப்பில் இறங்கிவிட்டார்.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு காலை நான் மேலே போனேன். சார் கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் காளான் முளைத்திருந்தது. மூலையில் கூட்டமாக, ஜன்னலோரம் வரிசையாக, தலைமாட்டில் தனியாக ஒன்று.

"நேத்துப் பொட்டு மாதிரி இருந்துச்சுய்யா. இன்னிக்குக் குடை பிடிச்சு நிக்குது" என்றார்.

பேச்சியம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "சாரு, வீட்டுலயே காய்கறியும் வெளஞ்சிருமா?"

சாருக்கு முகம் சுருங்கிப் போனது. மொக்கராசு அண்ணன் அதைப் படம் பிடித்து, 'காளான் வீடு' என்று வாட்ஸ்அப்பில் வைத்துவிட்டார். அது எங்கள் துறைத் தலைவர் கண்ணில் பட்டது.

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆராய்ச்சியைத் தொடரலாமா, ஆய்வுக்கூடத்தை மூடலாமா என்று முடிவு செய்ய அந்த வாரம்தான் சென்னையிலிருந்து நிபுணர் குழு வருவதாக இருந்தது. தலைவர் ஆள் அனுப்பிக் காளானைச் சுரண்டி, சுவருக்குப் பளிச்சென்று வெள்ளை அடித்துவிட்டார். சாரிடம் கெஞ்சினார். "நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

குழு வந்தது. சுவரைத் தொட்டுப் பாராட்டியது. பேச்சியம்மா தன் கொட்டகை வாசலில் பானை சட்டிகளை மூட்டை கட்டி வைத்திருந்தார். பெரிய ஆட்கள் நல்லது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே குடிபோய்விடலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். என் ஆராய்ச்சிப் பட்டமும் கிட்டத்தட்ட அதே மூட்டைக்குள்தான் இருந்தது.

"பிரமாதம். ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார் குழுத் தலைவர், மரியாதைக்காக.

சார் மூட்டையைப் பார்த்தார். துறைத் தலைவரைப் பார்த்தார். பிறகு கட்டிலை இழுத்துப் போட்டார். கட்டிலுக்குப் பின்னால், புது வெள்ளையைப் பிளந்துகொண்டு, புதுக் காளான்கள்.

"இது ஒண்ணுதாங்க" என்றார்.

ஒருவர் நிலைமையைச் சரிக்கட்டப் பார்த்தார். "இது உயிர்ப்பொருள்தானே, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

"ரொம்ப உயிரா இருக்குங்க. இன்னும் ஆள் குடியேறுற பக்குவம் வரலை."

ஆய்வுக்கூடத்தைப் பூட்டினார்கள். துறைத் தலைவர் சாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சார் அதைக் கவனிக்கவே வெகுநாள் ஆனது. ஆனால் குழு கிளம்பிப் போன அன்று பேச்சியம்மா கேட்டதை அவர் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா எனக்கு வீடு வந்திருக்கும்ல சாரு."

"வந்திருக்கும் ஆத்தா."

"பெறகு?"

"ஒன் பேத்திக்கு இழுப்பு வந்திருக்கும். பூஞ்சைக் காத்து புள்ளைகளுக்கு ஆகாது."

பேச்சியம்மா மூட்டையைப் பிரித்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் கொண்டுபோனார். நானும் சாரும் மழையில் நின்றோம். உதவிக்குப் போகக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

ஆய்வுக்கூடம் இல்லாததால் ஆராய்ச்சி சாரின் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. தட்டை நாரில் மிச்சமிருக்கும் இனிப்புதான் காளானுக்குச் சோறு என்று கண்டுகொண்டவர், நாரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அலச முடிவு செய்தார். அதற்குப் பெரிய பாத்திரம் வேண்டும். டீச்சரின் கல்யாணச் சீர் அண்டா அடுப்பில் ஏறியது.

"இனிமே அதுல பொங்கல் வைக்க முடியாது" என்றார் டீச்சர், விறகைத் தள்ளி விட்டபடி.

"வேண்டாம். குக்கர்ல வச்சுக்கலாம்."

இந்த முறை முதல் பரிசோதகராக, சுவரைத் தின்ற பழைய ஆடுகளில் ஒன்றையே வரவழைத்தார். ஆடு பலகையை முகர்ந்தது. சாரை முகர்ந்தது. பலகையை விட்டுவிட்டு அவர் சட்டையைக் கடித்தது. சாருக்கு அன்று மகிழ்ச்சி தாங்கவில்லை. கிழிந்த சட்டையோடு கடைத்தெரு வரைக்கும் போய்வந்தார்.

பழைய சுவர்களைப் பிரித்துப் புதுப் பலகைகளை நிறுத்தினோம். அடுத்த ஐப்பசிக்கு சார் மறுபடியும் உள்ளே போனார். மண் சரிந்து ஜீப்பு ரோடு அடைபட்ட நாட்களில் அவருக்குச் சோறு போட்டது பேச்சியம்மாதான். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். "அது கெடக்கு. பட்டினி போட்டாச் சொவரை யாரு பாக்குறது?" என்றார். கார்த்திகை முடியும் வரை சுவரில் ஒரு பொட்டுகூட வரவில்லை. சார் காலைதோறும் பூதக்கண்ணாடியால் தேடிவிட்டு, ஏதோ விருந்தாளி வராமல் போனதுபோல உட்கார்ந்திருப்பார்.

சுவர் தேறிய சேதி மேலே போய், ஆய்வுக்கூடத்தின் பூட்டைப் பிற்பாடு திறந்தார்கள். அந்தச் சேதியைச் சொன்னபோது, "தொட்டியைக் கழுவுனாங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பட்டமும் கிடைத்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவர் அந்த வீட்டைக் காலி செய்த நாள்தான்.

பேச்சியம்மா பால் காய்ச்சினார். பேத்தி புதுத் தரையில் படுத்து உருண்டாள். எல்லோருக்கும் பால் கொடுத்து முடித்தும் சார் சுவரோரமாகவே நின்றார்.

"சாரு, வெரசா எடத்தைக் காலி பண்ணுங்க. எனக்கும் சோலி கெடக்கு" என்றார் பேச்சியம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சார் தலையணையை எடுத்துக்கொண்டார். ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே தூங்கிவிட்டார். இரண்டு மழைக்காலத்துத் தூக்கம். தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. தலைமுடியில் சுண்ணாம்பு வாடை.

மொக்கராசு அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். "முன் சீட்டு காலியாத்தான் இருக்கு மாப்ளே. எழுப்பி இங்கிட்டு உக்கார வைப்பமா?"

"வேண்டாம்ணே. மெதுவாப் போங்க."

கை மரத்துப்போனது. போடி வரும் வரை நான் தோளை அசைக்கவில்லை.