சனிக்கிழமை பிறந்த துப்பாக்கி

யங்கோனில் பெண் கேட்கப் போனால் முதலில் விசாரிப்பது சம்பளத்தை அல்ல, பிறந்த கிழமையை. பர்மாக்காரர்களின் வழக்கம் இது. அவர்களோடு நாலு தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்களான நாங்கள் அவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே கிழமை பார்ப்போம். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பிராணி உண்டு. வியாழன் எலி, சனி நாகம். எலியும் நாகமும் ஒத்துப்போகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஞாயிறு, அதாவது கருடன். (கம்பீரமாகக் கற்பனை செய்ய வேண்டாம். அப்போது மழைக்காலக் காற்றில் குடை பிடித்தால் குடையோடு நானும் நகர்வேன்.)

இந்தக் கருடன் தாமுவே பேட்டை யமுனாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டது. யமுனாவின் அப்பா சுப்பையா மாமா வியாழக்கிழமை பிறந்தவர். கருடன் எலியைத் தின்றுவிடாதா என்று கேட்காதீர்கள். கணக்குப்படி ஞாயிறும் வியாழனும் நட்பு. எங்கள் கிழமைக்காரர்கள் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

மாமாவுக்கு ஒரே ஒரு மனக்குறை. பொங்கலுக்கு எங்கள் தெருக்காரர்கள் நடத்தும் ஓட்டப் பந்தயங்களை அவர்தான் தொடங்கி வைப்பார், கைதட்டி. மைக் செட் அலறலில் அது யாருக்கும் கேட்காது. பாதிப் பேர் ஓடி முடித்த பிறகு மீதிப் பேர் கிளம்புவார்கள். டி.வி.யில் காட்டுவதுபோல் துப்பாக்கியைத் தூக்கி 'டுமீல்' என்று தொடங்கி வைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு.

"நான் வாங்கித் தர்றேன் மாமா" என்றேன். யமுனா பக்கத்தில் நின்றதால் வந்த வீரம் அது.

"மெய்யாவா? அப்படின்னா பந்தயம் முடிஞ்ச கையோட மேடையிலேயே பாக்கு மாத்திக்கிடுவோம், மாப்ளே."

அவர் என்னை மாப்பிள்ளை என்றது அதுதான் முதல் தடவை. மறுநாளே க்யிம்யிண்டைங் சந்தைக்கு ஓடினேன். படகு ஜெட்டிக்குப் போகும் வழியில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாய், உடைந்த கடிகாரங்களுக்கு அடியிலிருந்து ஒரு ரிவால்வரை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன ரிவால்வர். மேல்பூச்சு அங்கங்கே உரிந்திருந்தது.

"வெள்ளைக்காரத் தொரை சட்டைப் பையில வச்சிருந்தது தம்பி. நூறு வருசத்துச் சாமான்."

குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். "அடைச்சிருக்கே பாய்?"

"அடைச்சிருக்கக் கண்டுதான் நீயும் நானும் வெளியில நின்னு பேசிக்கிட்டிருக்கோம். குண்டு போவாது. பொட்டு வெடி வச்சா சத்தம் மட்டும் வரும்."

(நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு துரை, சத்தம் மட்டும் போடும் துப்பாக்கியை எதற்குச் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.)

மாமா அதைப் பார்த்தார். தொடவில்லை.

"இது என்ன கெழம?" என்று கேட்டார்.

"நேத்து வாங்கினேன் மாமா. செவ்வாய்."

"வாங்கின கெழம யாருக்கு வேணும்? பொறந்த கெழம சொல்லு. கையில பிடிச்சுச் சுடப்போறது நானில்ல?"

வீட்டு ஃப்ரிட்ஜுக்கே கிழமை பார்த்த மனிதர் அவர். துப்பாக்கியை விடுவாரா? வீட்டுக்கு வந்து கைப்பிடித் தகட்டைக் கழற்றினேன். அடியில் ஏதோ எண் பொறித்திருந்தது, ஆனால் அழுக்கேறிப் படிக்க முடியவில்லை. சாமி அலமாரியிலிருந்து விபூதியை எடுத்து அழுத்தித் தேய்த்துத் துடைத்தேன். எண்கள் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. எனக்கே மேனி சிலிர்த்துவிட்டது.

படம் எடுத்து, பழைய துப்பாக்கிப் பைத்தியங்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் போட்டேன். ஒரு புண்ணியவான் பதில் எழுதினார். இது ஓட்டப் பந்தயம் தொடங்கி வைப்பதற்கென்றே இத்தாலியில் செய்தது, துரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, எண்ணை வைத்து எழுபதுகளின் நடுவில் ஒரு வருடத்தையும் குறிப்பிட்டிருந்தார். நன்றி சொல்லி, "என்ன கிழமை?" என்று கேட்டேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

பொங்கல் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் நானே ஒரு பிறந்த நாளைத் தயாரித்தேன். கைப்பேசி நாட்காட்டியைத் திறந்து, மாமாவுக்குத் தோதான ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேடிப் பிடித்தேன். "அக்டோபர் பன்னெண்டு, ஞாயித்துக்கெழம மாமா. அந்தக் கம்பெனியிலேயே குறிச்சு வச்சிருக்காங்க" என்று வருடத்தையும் சேர்த்துக் கூசாமல் சொன்னேன். மாமா முகம் மலர்ந்து துப்பாக்கியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பந்தய நாள் வந்தது. முதலில் பெண்களுக்கான எலுமிச்சை ஓட்டம். வாயில் கரண்டியும் கரண்டியில் எலுமிச்சையுமாக வரிசை நின்றது. மாமா முக்காலிமேல் ஏறி, துப்பாக்கியில் பொட்டு வெடியை வைத்து, சுத்தியலை இழுத்து வைத்துக்கொண்டு, மற்ற கையில் மைக்கைப் பிடித்தார். சுட்டுத் தொலைத்திருக்கலாம். அவருக்கு அதன் ஜாதகத்தையும் சொல்ல ஆசை. வருடத்தைச் சொன்னார், தேதியைச் சொன்னார், "ஞாயித்துக்கெழம பொறந்தது!" என்று முழங்கினார்.

வரிசையிலிருந்து "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று ஒரு சத்தம். மாமாவின் தங்கை சரோஜா அத்தை. கல்யாணம் ஆகாதவர், மாமா வீட்டிலேயே இருப்பவர். கரண்டியை வாயிலிருந்து பிடுங்கி, பர்மாக்காரர்களைப்போல் அம்மாவைக் கூப்பிட்டு அலறினார்.

"அமலே! அண்ணே, அது நான் பொறந்த நாளு! அதே வருசம், அதே தேதி. அன்னைக்குச் சனிக்கெழம. நான் சனி இல்ல?"

தங்கையின் கிழமையை மறக்காத மாமா, தேதியை மறந்திருந்தார். நானோ அதைவிட மேல். நாட்காட்டியில் மாதத்தைப் புரட்டினேனே தவிர, வருடத்தை மாற்ற மறந்துவிட்டேன். நான் பார்த்தது எழுபதுகளின் ஞாயிறு அல்ல, நடப்பு வருடத்து ஞாயிறு. கூட்டம் முழுக்கக் கைப்பேசியை எடுத்துத் தட்டியது. "சனி!" "சனிதான்!" என்று மூலைக்கு மூலை குரல்கள்.

மாமா தன் கையைப் பார்த்தார். கையில் நாகம். "ஐயோ!" என்று அதை வீசி எறிந்தார். தரையில் விழுந்த வேகத்தில் அது வெடித்தது.

அவ்வளவு சின்னச் சாமானுக்குள் அத்தனை பெரிய சத்தம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பொங்கல் பானைக்காரர் அகப்பையோடு ஓடினார். நாதசுரக்காரர் வீட்டுக்கே போய்விட்டார். நானும் ஓடினேன், கண்ணை மூடிக்கொண்டு. நெஞ்சில் ஏதோ தட்டியது. திறந்து பார்த்தால் வெற்றி நாடா. பெண்கள் எலுமிச்சை ஓட்டத்தில், எலுமிச்சை இல்லாமலே, முதலாவதாக வந்திருந்தேன்.

கூட்டம் சிரித்தது, மாமா சிரிக்கவில்லை. "துப்பாக்கிக்கே கெழம ஜோடிச்சவன் தனக்கு ஜோடிக்காமலா இருப்பான்? பாக்கும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!" என்று துண்டை உதறினார். யமுனா தலையைக் குனிந்துகொண்டாள். என் கிழமையாவது மெய் என்று நான் சொன்னது கூட்டத்தின் சிரிப்பில் கரைந்துபோனது.

சரோஜா அத்தைதான் போய்த் துப்பாக்கியை எடுத்தார். மண்ணை முந்தானையால் துடைத்தார்.

"அண்ணே, நானும் நாகந்தான். நாப்பது வருசமா ஒரே வீட்டுல இருக்கேன். உன்னைக் கடிச்சேனா?"

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாக்குத் தட்டை எடுத்துட்டு வாங்கடா" என்றார்.

துப்பாக்கி இப்போது அத்தையின் அலமாரியில் இருக்கிறது. என் பிள்ளைகள் அதைச் 'சின்ன அத்தை' என்று கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு அக்டோபர் பன்னிரண்டும் கேக் வருகிறது, இரண்டு பேர் பெயரோடு. சனி என்பதால் அந்த வீட்டில் யாரும் அதுவரை அத்தையின் பிறந்த நாளைக் கொண்டாடியதில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேக்கை வெட்டியதும் முதல் துண்டை அத்தை எனக்குத்தான் எடுத்து வைப்பார். உடனே மாமா எழுந்து நின்று, இல்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவிப்பார்:

"பெண்கள் பிரிவுல மொதல் பரிசு வாங்கினவங்க, மேடைக்கு வாங்க!"

நானும் எழுந்து போய் வாங்கிக்கொள்கிறேன்.