கப்டனின் கையெழுத்தும் சாட்சி அண்ணையும்

குடாநாட்டில் படித்த மனிதருக்குப் பஞ்சமில்லை. ஆனால் நேராகப் பிடித்த எழுத்தை நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் கோப்பாய்ச் சாட்சி அண்ணை.

அவருக்கு உண்மைப் பெயர் ஒன்றும் இருந்தது. ஆயிரக்கணக்கான காணி உறுதிப் பத்திரங்களின் அடியில் அது இருக்கிறது, ஒருவரும் வாசித்ததில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் முப்பது வருடம் வேலை. காணி எழுத வருகிறவர்கள் கையெழுத்திடும்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து பார்ப்பார். பிறகு சாட்சியாகத் தானும் ஒப்பமிடுவார். எதிரே இருந்தே பார்த்துப் பழகியதால் எந்தக் கையெழுத்தையும் தலைகீழாகத் திருப்பினால்தான் அவருக்குப் பிடிபடும். நேராகக் காட்டினால் சொந்தத் தம்பியின் ஒப்பத்தையும் அந்நியனுடையதைப் போலப் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மின்சாரம் போய் மண்ணெண்ணெய் மருந்தாகிவிட்ட நாட்களில், சனம் வீட்டுச் சாமான்களை ஒன்றுக்கொன்று மாற்றத் தொடங்கியது. அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் பெரிய விளையாட்டு வீரர் கையெழுத்திட்ட கிரிக்கெட் மட்டையோ பந்தோ இருக்கிறதென்று. மாற்றுவதற்கு முன் எல்லாம் சாட்சி அண்ணையிடம் போகும். அவர் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, போத்தல் கணக்கில் பெறுமதி சொல்லுவார். போத்தல் என்றால் மண்ணெண்ணெய்ப் போத்தல்.

மானிப்பாய் ஆசிரியர் ஒருவர் வெல்வெட் துணியில் சுற்றிய மட்டையோடு வந்தார்.

"மாஸ்டர், இதே கையெழுத்தைப் போன கிழமை வேறொரு மட்டையிலையும் பார்த்தனான். ஒரு சுழி பிசகேல்லை."

"ஒரே ஆள்தானே அண்ணை போட்டது."

"ஒரே ஆள் ரெண்டுதரம் ஒரே மாதிரிப் போடமாட்டான். இது கொம்பனிக்காரன் அச்சடிச்சது."

குருநகரிலிருந்து ஒருவர் கால்பந்து ஒன்று கொண்டுவந்தார். வென்ற அணி பதினொருவரும் அதில் கையெழுத்திட்டதாகக் கதை. அண்ணை எண்ணிப் பார்த்தார், பதின்மூன்று.

"மிச்ச ரெண்டு பேரும் ஆர்?"

"ஒண்டு என்ரை, மற்றது மச்சான்ரை. இடம் கிடந்தது, போட்டனாங்கள்."

"உண்மை சொல்லுறியள். ரெண்டு போத்தல் பெறும்."

இனி என் கதை. சுன்னாகத்தில் எனக்கொரு பெண் பார்த்திருந்தார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. தலையைப் பார்த்தவர்கள் பத்துக் கூட்டிச் சொல்லுவார்கள். பெண்ணுக்கு என்னைப் பிடித்தது என்பதை நானே நம்பவில்லை. அவளுடைய தகப்பன் வெங்காய மொத்த வியாபாரி, கிரிக்கெட் பைத்தியம். தரகர் என்னிடம் வேறு தகுதி காணாமல், என் மட்டையைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார். எண்பத்துமூன்றில், கலவரத்துக்கு முன்பு, கொழும்புக்கு விளையாட வந்த வெளிநாட்டுக் கப்டன் எனக்கென்றே கையெழுத்திட்ட மட்டை.

உண்மை இதுதான்: மைதான வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்றேன். கப்டன் என்னைத் தாண்டிப்போய் பஸ்ஸில் ஏறினார். வெறும் மட்டையோடு ஊர் திரும்ப வெட்கப்பட்டு, ரயிலில் நானே எழுதிக்கொண்டேன். ரயில் ஆட்டியதில் கையெழுத்து தானாகவே பிரபலமானவருடையது போல விழுந்தது.

வருங்கால மாமனார் மட்டையைச் சைக்கிள் கரியரில் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு சாட்சி அண்ணையிடம் வந்தார். "மட்டை சரியெண்டால் நாள் வைப்பம்" என்று வழியிலேயே சொல்லிவிட்டார்.

சாட்சி அண்ணை மட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மட்டையை ஆர் பிடிச்சது?"

"நான்தான், அண்ணை. நெஞ்சோடை அணைச்சுப் பிடிச்சனான்."

"கப்டன் எங்கை நிண்டவர்?"

"எனக்கு நேர் முன்னாலை."

"எழுதேக்கை பார்த்தனீரோ?"

"கண் வெட்டாமல் பார்த்தனான்."

"எழுத்து உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"வடிவா, நேராத் தெரிஞ்சது."

சாட்சி அண்ணை மட்டையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"தம்பி, முப்பது வருசமா எதிரை இருந்து பார்க்கிறன். எனக்கு ஒருநாளும் நேராத் தெரிஞ்சதில்லை. எழுதுறவருக்குத்தான் நேராத் தெரியும்."

என் காதிலிருந்து வியர்வை வடிந்தது. காதில் வியர்க்கும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"அப்ப பொய்யோ?" என்றார் மாமனார்.

"மட்டை பொய். விறகெண்டால் அரைப் போத்தல் பெறும்."

"அப்ப வாங்கோ தம்பி, போவம்" என்று மாமனார் எழும்பினார். அந்தக் குரலில் கலியாணம் இல்லை.

"இருங்கோ, நான் இன்னும் முடிக்கேல்லை" என்றார் சாட்சி அண்ணை. "திறமான பொய்யரை நான் கனபேரைப் பார்த்திருக்கிறன். கேள்வி வரமுந்தி மறுமொழி வைச்சிருப்பினம். உவர் நாலு கேள்வியிலை விழுந்திட்டார். உங்கடை பிள்ளைக்குப் பொய்யைப் பிடிக்க ரெண்டு கேள்வி காணும். உவரை நம்பிப் பெட்டையைக் குடுக்கலாம்."

மாமனார் கனநேரம் மட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் எது கூடுதலாக ஏமாற்றியது என்று யோசித்திருப்பார்.

"எழுதித் தருவியளோ?"

"எழுதுறது என்ரை வேலையில்லை. கலியாணப் பதிவுக்குச் சொல்லுங்கோ, சாட்சிக்கு வாறன்."

வந்தார். சலவை வேட்டியோடு, சொந்தப் பேனையோடு. நானும் அவளும் ஒப்பமிடும்போது எதிரேயிருந்து கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு தன் ஒப்பத்தை இட்டார். இந்த முறை எதிரே இருந்தது நான். கண் வெட்டாமல்தான் பார்த்தேன்.

மட்டை அந்த மாரியிலேயே அடுப்புக்குப் போனது. நாங்கள் எத்தனையோ வீடு மாறினோம். சாட்சி அண்ணை இன்றில்லை. பதிவுப் பத்திரம் மட்டும் கூடவே வருகிறது. எப்போதாவது அதை எடுத்தால், அவர் பெயரை வாசிக்க முன், ஒருதரம் தலைகீழாகத் திருப்பிக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கு அது அப்படித்தான் தெரிந்தது.