மாப்பிள்ளை மாற்றிய புஷ்

பழைய ரப்பர் புஷ் வருவேனா என்றது.

மாமனாரின் காரை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை அந்த ரப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அது கிழிந்துபோனதால்தான் வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் கடகடத்தது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நேற்று சாப்பாட்டு மேஜையில்.

"போன வருஷம்தான் மாத்தினது, அதுக்குள்ள போயிடுச்சு," என்று மாமனார் அலுத்துக்கொண்டார். "எந்த மெக்கானிக்கையும் நம்ப முடியல."

"ஒரு ரப்பரை மாத்த மெக்கானிக் எதுக்கு மாமா? நானே மாத்திடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வாயால் ஒரு "பரவாயில்லையே" கேட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஏக்கம். அதற்காகக் காரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நடக்கவும் தயாராக இருந்தான்.

மாமனார் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பரை விரித்திருந்தார். பக்கம் மட்டும் புரளவே இல்லை.

தட்டினால் வராதது சுட்டால் வரும் என்று நெருப்பைக் காட்டினான். புஷ் வந்தது. கூடவே கரும்புகையும் வந்தது.

"என்னங்க, தெருவே ஜன்னலைச் சாத்துது," என்றாள் மனைவி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"வேலைன்னா கொஞ்சம் வாசனை வரத்தான் செய்யும்."

"கொடியில அம்மா துவைச்சுப் போட்ட வெள்ளை விரிப்பைப் பாத்தீங்களா?"

பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

புது புஷ்ஷோ உள்ளே போவேனா என்றது.

"பாத்திரம் கழுவற சோப்பு கொண்டா."

"கையை அப்புறம் கழுவிக்கலாம்."

"கைக்கில்லம்மா, புஷ்ஷுக்கு!"

சோப்பு தடவியதும் அது வழுக்கிக்கொண்டு போய் மாமனாரின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, துண்டால் துடைத்து நீட்டினார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஒருவழியாகப் புஷ் உள்ளே போனது. இரும்புக் கையை மாட்டி, சக்கரம் அந்தரத்தில் தொங்க, போல்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். மாமனார் சட்டென்று எழுந்தார். வாயைத் திறந்தார். பிறகு இருமிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏதாவது சொன்னீங்களா மாமா?"

"ஒண்ணுமில்ல. தொண்டை."

ஜாக்கியை இறக்கினான். மாற்றிய பக்கம் மட்டும் சரியாக இறங்காமல் தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்திப் பார்த்தான். வண்டி இறங்கவில்லை, பானெட் இறங்கியது.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கடகட போயிருந்தது. அதற்குப் பதில் பள்ளத்துக்குப் பள்ளம் கிறீச்சென்று ஓர் அலறல். சாத்திய ஜன்னல்களெல்லாம் வேடிக்கை பார்க்கத் திறந்துகொண்டன.

"முந்தி இருந்த சத்தமே பரவாயில்லையே!" என்றாள் மாமியார் வாசலுக்கு வந்து.

இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது, ஆனால் பழைய சத்தத்துக்கு. மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். என்னைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மாப்பிள்ளை கூனிக் குறுகிப்போனான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கார்க் கண்ணாடியில் மெக்கானிக்கின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. அதை மனதில் வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டான். பேச்சு வெளியே கேட்கக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டு, யார் வண்டி, என்ன செய்தான் என்று எல்லாவற்றையும் கிசுகிசுத்தான்.

"சக்கரம் தொங்கறப்பவே போல்டை முழுசா டைட் பண்ணிட்டீங்களா சார்?" என்றான் மெக்கானிக்.

"ஆமாம்ப்பா."

"வண்டி தரையில நின்னப்புறம்தான் சார் கடைசி டைட். இல்லன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், ஒரே வருஷத்துல கிழிஞ்சிடும். நான் வந்து பாக்கறேன்."

"வா. ஆனா நான் கூப்பிட்டேன்னு மாமாவுக்குத் தெரிய வேணாம். தற்செயலா வந்த மாதிரி வா. அவர் முகத்துல என்னால முழிக்க முடியல."

மறுமுனையில் மெக்கானிக் களுக்கென்று சிரித்தான்.

"தண்ணிச் சத்தம் கேக்குதே சார், பாத்ரூம்லேருந்தா பேசறீங்க?"

"ஏன்?"

"போன வருஷம் உங்க மாமனாரும் அங்கேருந்துதான் சார் பேசினார், ‘நானே டைட் பண்ணித் தொலைச்சிட்டேன், நீ மாத்தினதாதான் வீட்டுல சொல்லியிருக்கேன், காட்டிக் குடுத்துடாதே’ன்னு."