கண்ணாடிக்காரர் விழவே இல்லை

சைக்கிளிலிருந்து விழாத மனிதர்கள் உலகத்தில் இரண்டே வகை. சைக்கிளே ஏறாதவர்கள் ஒரு வகை. விழுந்ததைப் பெண்டாட்டியிடம் சொல்லாதவர்கள் இன்னொரு வகை. நம் கண்ணாடிக்காரர் இரண்டாம் வகை.

ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர். நடுத்தெருவில் யானை படுத்த மாதிரி கிடந்த மணல் குவியல் அவர் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? பக்கத்து வீட்டுப் பூட்டுக்காரர் மாடியிலிருந்து பார்க்கிறாரே என்று, இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தலை வாரிக்கொண்டே ஓட்டினால்? சைக்கிள் மணலில் நின்றுவிட்டது. இவர் நிற்கவில்லை. மணலைத் தாண்டிப் பறந்து, அந்தப் பக்கத்துத் தார்ச்சாலையில் முழங்கையால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அந்தக் கோட்டை வைத்தே சாலையைப் போக்கு, வரத்து என்று பிரித்திருக்கலாம்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கலாம்தான். அவருக்கு மீசையே கிடையாது. மண்ணெல்லாம் முழங்கையில்.

வலி பெரிதில்லை. பயம்தான் பெரிது. தொந்தியைக் கரைக்கிறேன் என்று சபதம் போட்டு அவர் சைக்கிள் வாங்கிய அன்றே மனைவி சொல்லிவிட்டாள்: “ஒரே ஒரு தடவை விழுந்தீங்கன்னு தெரிஞ்சாலும், சைக்கிள் என் தம்பிக்கு!” கேட்டால் ஒரு கிட்னியைக்கூடக் கொடுத்துவிடுவார். மச்சானுக்கு சைக்கிள் கொடுப்பதாவது!

ஆகவே கைப்பிடி கோணிய சைக்கிளை ரிப்பேர் கடையில் தள்ளிவிட்டு, பின்வாசல் வழியாகப் பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். காயத்தைக் கழுவினால் எரியும். அதனால் கழுவவில்லை. மனைவியின் முகப் பவுடரைப் பாதி டப்பா அதன்மேல் கவிழ்த்தார். அதற்கு மேல் முழுக்கைச் சட்டை. நிலைக்கண்ணாடியில் பார்த்தார். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கடைக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் திரும்புவதற்குள் ரத்தமும் பவுடரும் சேர்ந்து பசையாகி, சட்டையும் தோலும் ஈருடல் ஓருயிர் ஆகிவிட்டன.

மனைவி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, புழுக்கமா இல்ல? சட்டையைக் கழட்டுங்களேன்.”

“எனக்குக் குளிருது.”

“வேர்த்துக் கொட்டுதே!”

“அது குளிர்ல வர்ற வேர்வை.”

“சரி, சைக்கிள் எங்க?”

“காத்தடிக்க விட்டிருக்கேன்.”

“காலையிலேருந்தா? டயருக்கா, ஆகாயக் கப்பலுக்கா?”

அவளே பேச்சை மாற்றினாள்.

“அது கிடக்கட்டும். சேதி தெரியுமா? காலையில நம்ம தெருவுல ஒரு குழந்தை தத்தித் தத்தி நடு ரோட்டுக்கு வந்துடுச்சாம். வேகமா வந்த ஒரு சைக்கிள்காரர், குழந்தை மேல மோதக் கூடாதுன்னு தானே போய் மணல்ல விழுந்தாராம். தெருவே அவரைக் கொண்டாடுது.”

கண்ணாடிக்காரரின் காது அரை அங்குலம் முன்னால் வந்தது.

“யாராம் அது?”

“யாரும் மூஞ்சியைச் சரியாப் பார்க்கலையாம். பூட்டுக்காரராத்தான் இருக்கும்னு பேச்சு. அவரும் இல்லைன்னு சொல்லலையாம்.”

குழந்தையும் இல்லை குட்டியும் இல்லை என்பது இவருக்குத் தெரியும். இருந்தாலும் இவர் விழுந்து வாரியதை இன்னொருவன் அள்ளிக்கொண்டு போவதா?

“அந்தாளா? அந்தாளுக்கு சைக்கிள்ல ஏறவே ஏணி வேணும்! அது நான்தான்!”

“நீங்களா? நீங்கதான் விழவே மாட்டீங்களே!”

“விழலியே! குதிச்சேன்! சிவப்புச் சட்டை போட்ட குழந்தை. என்னைப் பார்த்து ‘மாமா’ன்னுச்சு. நானா, குழந்தையான்னு ஒரு நொடி யோசிச்சேன். குழந்தைதான்னு சைக்கிளை ஒரே திருப்பு!”

“அடேங்கப்பா! காயம் எங்க?”

“இதோ!” என்று கையை நீட்டினார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அது அவர் கையாக இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் தயாராக இருந்தது. சட்டையை ஊறவைத்து, நூல் நூலாகப் பிரித்தெடுத்து, உள்ளே புதைந்திருந்த பொடிக்கற்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு அலசினாள்.

“ஐயோ, எரியுது!”

“குழந்தைக்காகப் பொறுத்துக்குங்க.”

“மெதுவா, மெதுவா!”

“உசிரையே பணயம் வெச்ச வீரருக்கு சோப்பு பெரிசா? அது சரி, ஏன் என் பவுடர் வாசனை அடிக்குது?”

“அது... குழந்தைக்குப் போட்டிருந்த பவுடர்.”

“முழங்கையாலயா தூக்கினீங்க?”

களிம்பு தடவி, துணி வைத்துக் கட்டுப் போட்டாள். எரிச்சல் அடங்கியதும் கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இதோ பாரு. குழந்தையைக் காப்பாத்த விழுந்ததை விழுந்த கணக்குல சேர்க்கக் கூடாது. சைக்கிள் என்கிட்டயே இருக்கட்டும். என்ன சொல்றே?”

“எந்தக் குழந்தை?”

“நீதானே சொன்னே!”

“நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஒரு கதையும் உரிச்சேன். நீங்க பின்வாசல்ல நுழையறப்பவே, முன்வாசல்ல நின்னு பூட்டுக்காரர் நடந்ததெல்லாம் சொல்லிட்டார். தலை வாரினதைக்கூட விடல.”

கண்ணாடிக்காரர் சீறினார்.

“அடிப்பாவி! சைக்கிளைப் பிடுங்கறதுக்கா இவ்வளவு பெரிய பொய்?”

அவள் கட்டின் நுனியை முடிச்சுப் போட்டு, அவர் கையை மடியிலிருந்து எடுத்து மெல்லக் கீழே வைத்தாள்.

“சேச்சே! சைக்கிளை என் தம்பி மத்தியானமே ரிப்பேர் கடையிலேருந்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். கதை உங்க சட்டையைக் கழட்டத்தாங்க.”