திருப்புளியாரும் மிச்சமான ஸ்க்ரூவும்

கடையில் போய் முழுக் கம்ப்யூட்டராக வாங்கிவருபவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஸ்விட்சைப் போடுகிறார்கள், ஓடுகிறது, வேலையைப் பார்க்கிறார்கள். பாகம் பாகமாக வாங்கிவந்து தன் கையாலேயே பூட்டுகிறவர் இன்னொரு ரகம். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் திருப்புளியார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அவரைப் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார். தங்கமான மனிதர். அவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் மனைவிக்குச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. ரெடிமேட் சட்டை கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்கும் பிரிவுக்குத் தலைமை வேலை. பிள்ளை பிறந்ததிலிருந்து ஆறு வருஷம் வீட்டோடு இருந்தவர், எத்தனையோ இடத்துக்கு எழுதிப்போட்டு, வந்தது இந்த ஒரே அழைப்பு.

"இந்த ஓட்டைப் பெட்டியிலயா பேசப்போற? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் இவர்.

அவர் இருந்ததுதானே பிரச்சனையே!

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வேலை ஆரம்பமானது. பழைய பெட்டியின் வயிற்றைக் கிழித்து வேண்டியதையெல்லாம் பிடுங்கிக்கொண்டார். புதுப் பெட்டிக்குள் மதர்போர்டு என்ற பெரிய பலகையைத் தாங்கக் குட்டிக் குட்டியாகப் பித்தளைக் கால்கள் உண்டு. மனைவி பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்க, ஒன்பது கால்களை நட்டார். அதன்மேல் பலகையை வைத்து, ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கடைசியில் மேசைமேல் ஒரு ஸ்க்ரூ அனாதையாகக் கிடந்தது.

"ஏங்க, இது ஒண்ணு மிச்சமிருக்கே?"

"அதெல்லாம் எக்ஸ்ட்ரா குடுப்பாங்கம்மா."

இந்த ரகத்தின் தேசிய கீதமே இந்த ஒரு வரிதான்.

ஸ்விட்சை அழுத்தினார். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, பிள்ளை கைதட்டினான். தட்டி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினால் ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை ஒரு மணிநேரம் ஜோராக ஓடியது. அது அடியோடு ஓடாமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் பிழைத்திருக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். இதுவோ ஓடும், ஆனால் அதற்கு மனசு வந்தால்தான் ஓடும்.

இங்கேதான் திருப்புளியாரின் முழு சொரூபத்தையும் நீங்கள் தரிசிக்கவேண்டும். ஓடுவதற்கு முன்னால் கடைசியாக எதைத் தொட்டாரோ அதுதான் குற்றவாளி. மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகியபோது ஓடியதா? "மெமரிதான்!" என்று மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பத்தே நிமிஷத்தில் அணைந்தது. வயரைப் பிடுங்கி மாட்டினார், ஓடியது, "வயருதான்!" என்று மறுபடி அதே மச்சானுக்குப் போன். பெட்டியைப் படுக்கப்போட்டபோது அரை நாள் விடாமல் ஓடியதால், அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் வேகமாக நடக்கக்கூடாது, பிள்ளை குதிக்கக்கூடாது, நாற்காலியை இழுக்கக்கூடாது. பெட்டி தூங்குகிறதாம்!

நான் மட்டும் சும்மா இருந்தேனா? "பவர் சப்ளையா இருக்கும் சார்" என்று என் ஸ்க்ரூ டிரைவரோடு போய் நின்றேன். இரண்டு பேரும் சேர்ந்து திங்கட்கிழமையை நாசமாக்கினோம்.

செவ்வாய் காலை பத்து நாற்பது. அந்த அம்மா தலைவாரி, நல்ல உடை உடுத்தி, காகிதங்களை அடுக்கிக்கொண்டு வந்து நின்றார். பெட்டி திறந்து கிடந்தது. நாங்கள் இருவரும் அதற்குள் தலையை விட்டிருந்தோம். அவர் எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, உதட்டுக்குள்ளேயே எண்ணினார்.

"ஞாயித்துக்கிழமை ஒன்பது கால் எடுத்துக்குடுத்தேன். இதுல எட்டு ஸ்க்ரூதான் இருக்கு, எட்டு ஓட்டைதான் இருக்கு. அப்போ அந்த ஒன்பதாவது கால் பலகைக்கு அடியில எதை முட்டிக்கிட்டு நிக்குது?"

"இது சட்டை இல்லம்மா, மதர்போர்டு. அதெல்லாம் சும்மா நிக்கும்."

"சரிங்க," என்றார் அவர். கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பத்து ஐம்பத்தைந்துக்குப் பெட்டி ஓடியது. "பாத்தியா!" என்றார். அணைந்தது.

அந்த அம்மா எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: கைப்பேசியை அந்தப் புதுப் பெட்டிமேல் சாய்த்துவைத்துக்கொண்டு பேச உட்கார்ந்திருந்தார். வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெட்டி உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. "ஆறு வருஷம் கேப் ஆயிடுச்சே மேடம். கண்ணு பழையபடி பிடிக்குமா?"

"இன்னைக்குக் காலைலகூட ஒண்ணு பிடிச்சேன் சார். எட்டு காஜா, ஒன்பது பட்டன். தச்சவருதான் ஒத்துக்கல."

அங்கே சிரிப்பு கேட்டது. இங்கே என் பக்கத்தில் நின்றவர் ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகப் பைக்குள் சொருகிக்கொண்டார். பாவம், காது மடல் வரைக்கும் சிவந்துபோயிருந்தது.

அந்த அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அன்று மத்தியானமே பலகையைத் தூக்கி அந்த ஒன்பதாவது காலைப் பிடுங்கினோம். பித்தளை உரசி உரசி ஷார்ட் ஆன தடம் பலகையின் முதுகில் பளிச்சென்று தெரிந்தது. அதற்கப்புறம் பெட்டி ஒரு தடவைகூட அணையவில்லை. மறுநாள் மாடிப்படியில் திருப்புளியார் மச்சானிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசில நான்தான் கண்டுபிடிச்சேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, 'முதல் நாளே எல்லாத்தையும் வெளியே எடுத்துவச்சுப் பாத்திருந்தா முடிஞ்சிருக்கும், என்னைக் கூப்பிட்டிருக்கலாம்' என்று உங்கள் கை பரபரத்ததா, இல்லையா? எதற்கும் எழுந்துபோய் உங்கள் மேசை டிராயரைத் திறந்து பாருங்கள். எதிலிருந்து மிஞ்சியது என்றே தெரியாத ஒரு ஸ்க்ரூ அங்கே கிடக்கும். என்னிடம் ஏழு இருக்கின்றன. எல்லாம் எக்ஸ்ட்ராவாகக் கொடுத்தவைதான்.