பந்துக்குக் குனிகிறவன்

இந்தப் பந்தும் டபுளின் பிடரியில்தான் விழுந்தது.

"ஏம்ப்பா," என்றார் கிடங்கு மேனேஜர், எறிந்து எறிந்து வலித்த தோளைப் பிடித்துக்கொண்டு. "கையில கட்டையைக் குடுத்திருக்கேன். பந்தை அடின்னா குனிஞ்சு முதுகுல வாங்கறியே."

"நான் குனியல சார். உடம்பு குனியுது."

சிமென்ட் கிடங்கில் ஒரே நடையில் இரண்டு மூட்டை தூக்குகிறவன் என்பதால் அவனுக்கு டபுள் என்று பெயர். லாரி மேல் நிற்பவன் மூட்டையைத் தள்ளுவான். கீழே நிற்பவன் அந்த நொடியில் கழுத்தை மடக்கி முதுகைக் கொடுக்க வேண்டும். பிந்தினால் கழுத்து போய்விடும். மீசை முளைத்ததிலிருந்து அவனுக்கு அதுதான் பிழைப்பு. அதனால் எது பறந்து வந்தாலும் உடம்பு முதலில் குனிந்துகொள்ளும். அப்புறம்தான் அவனுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் கம்பெனி ஆபீஸ்காரர்களோடு பேஸ்பால் போட்டி. முதலாளிக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம். டபுளின் தோளகலத்தைப் பார்த்ததுமே மேனேஜர் அவனை அணியில் போட்டுவிட்டார்.

"ஜெயிச்சுக் குடு, வேலையை நிரந்தரமாக்கறேன். இல்லேன்னா மாசக் கடைசியில தினக்கூலி ஆளுங்களை நிறுத்தறப்போ நீயும் கிளம்ப வேண்டியதுதான்."

டபுள் கட்டையோடு வீட்டுக்கு வந்தான். விஷயத்தைக் கேட்ட மனைவி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இவ்வளவுதானா? வாங்க கொல்லைக்கு. நான் எறியறேன்."

எறிந்தாள். அவன் கட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தான். கட்டை உருண்டு போய்த் தண்ணீர்க் குடத்தில் நசுங்கல் போட்டது.

"அய்யோ, குடத்தை அடிக்கத் தெரியுது, பந்தை அடிக்கத் தெரியலையா?"

"தோள் சும்மா இருக்குல்ல, அதான் மூட்டைன்னு நெனச்சுக்குது."

"அப்ப சும்மா விடாதீங்க."

இரண்டு சாக்கில் மணலை அள்ளிக் கட்டி அவன் தோளில் ஏற்றினாள். யோசனை நல்ல யோசனைதான். சுமை இருந்ததால் உடம்பு அடுத்த சுமைக்குக் குனியவில்லை. ஆனால் ஒரு கை சாக்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு கை கட்டையைச் சுழற்ற, கட்டை பந்தை விட்டுவிட்டுச் சாக்கைக் கிழித்தது. மணல் முழுக்க அவன் கண்ணிலும், கொடியில் காய்ந்த பக்கத்து வீட்டுப் போர்வையிலும் போய் விழுந்தது. போர்வையை அவளே மறுபடி துவைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் மச்சான் வந்தான். லாரியில் கயிறு கட்டுகிறவன். எதற்கும் கயிறுதான் வைத்தியம் என்பான்.

"மாமா, இடுப்பை ஜன்னல் கம்பியோட சேர்த்துக் கட்டிட்டா எப்படிக் குனிவீங்க?"

"இறுக்காதடா, சாப்பிட்டிருக்கேன்."

இறுக்கித்தான் கட்டினான். பந்து வந்தது. டபுளின் உடம்பு குனிந்தது. ஜன்னலும் சட்டத்தோடு சுவரிலிருந்து பெயர்ந்து அவன் முதுகுக்கு வந்தது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஜன்னலைத் தூக்கிட்டு எங்கப்பா போறே?"

"எங்கேயும் போகல சார். ஆட்டம் பழகறேன்."

"வீட்டைக் காலி பண்றப்போ சாமானைத்தான் எடுத்துட்டுப் போவாங்கன்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மச்சான் கயிற்றைச் சுருட்டினான். மனைவி ஜன்னல் இருந்த ஓட்டை வழியாக வெளியே பார்த்தாள். பார்த்துவிட்டு, நசுங்கிய குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இனிமே குனிஞ்சா தலையில ஊத்துவேன். வேலை போனா நான் என்ன செய்வேன்னு யோசிச்சுட்டு நில்லுங்க."

மச்சான் எறிந்தான், அவள் ஊற்றினாள். முதல் நாள் அவனுக்குத் தும்மல் வந்தது. அடுத்த நாள் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பந்து வந்தபோது டபுள் விறைப்பாக ஓர் எட்டு பின்னால் துள்ளி, கட்டையைச் சுழற்றினான். பந்து படவில்லை. ஆனால் குனியவில்லை. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை கிடங்குக்குப் போனான். லாரி மேலிருந்தவன் மூட்டையைத் தள்ளினான். டபுள் பின்னால் துள்ளி, இரண்டு கையையும் காற்றில் சுழற்றினான். மூட்டை தரையில் விழுந்து வெடித்தது.

"என்னண்ணே, தூங்கறியா?" என்றான் மேலிருந்தவன். அடுத்ததைத் தள்ளினான். அதுவும் வெடித்தது. சிமென்ட் புகையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை.

கூலிக்காரர்களின் மேஸ்திரி இருமிக்கொண்டே வந்தான். "இவனுக்கு முதுகு போயிடுச்சு சார். மூட்டையை அடிக்கப் பாக்கறான்."

மேனேஜர் டபுளைத் தட்டிக் கொடுத்தார். "முதுகு கிடக்கட்டும். இப்பதான் ஆட்டக்காரன் ஆயிருக்கான்."

டபுளுக்கு இனி மூட்டையும் தூக்க வராது. நாளைக்கு அடித்தால்தான் சோறு.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கடைசிக் கட்டம். இரண்டு பக்கமும் சம ஓட்டம். சமமாகவே முடிந்தால் கோப்பை போன வருஷம் ஜெயித்த ஆபீஸ்காரர்களுக்கே. சுற்றி ஓடுகிற வழியிலுள்ள மூன்று தளங்களிலும் கிடங்கு ஆட்கள் ஓடத் தயாராக நின்றார்கள். அவர்களில் ஒருத்தன் கட்டை பிடிக்கிறவன் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தால் போதும், ஜெயித்தாகிவிடும். கட்டையோடு டபுள் நின்றான்.

இரண்டு முறை காற்றை அடித்தான். இன்னும் ஒன்று தவறினால் முடிந்தது.

அந்தப் பந்து எறிந்தவனின் கையிலிருந்து வழுக்கி, நேராக அவன் தோளுக்கு வந்தது. கழுத்து மடங்கப் பார்த்தது. உச்சந்தலையில் குளிர்ந்த தண்ணீர் விழுவது போல் இருந்தது. டபுள் நிமிர்ந்தான், துள்ளி விலகினான், உயிரைக் கொடுத்துச் சுழற்றினான்.

பந்து அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனின் கையுறைக்குள் போய் விழுந்தது. மேனேஜர் தன் வண்டியைப் பார்த்து நடந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பந்தைப் பிடித்த ஆபீஸ் குமாஸ்தா முகமூடியைக் கழற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

"ஏண்ணே விலகினீங்க? பந்து மேல பட்டா உங்களுக்கு முதல் தளத்தைச் சும்மாவே குடுத்துடுவாங்க, மூணும் நிறைஞ்சிருக்கறதால ஆளுக்கு ஒரு தளம் நகர்ந்து உங்க ஆள் நடந்தே வந்து ஜெயிச்சிருப்பார். ஒரு வாரமா எங்க மேனேஜர் எங்களுக்குப் பழக்கினதே அதைத்தான், தானா குனியற மாதிரி குனிஞ்சு முதுகுல வாங்கறது. ஒருத்தனுக்கும் வரலண்ணே."