இடக்கன்னத்து மச்சம்

"கல்லீரல் நோய் வந்ததுண்டா?" விசா மருத்துவப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிய நாளிலிருந்து தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. ஹெபடைடிஸ் சி வந்தது. மூன்று மாத மாத்திரையில் போயும்விட்டது. ஆனால் அதன் தடம் ரத்தத்தில் ஆயுசுக்கும் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளை ரத்தம் எடுக்கிறார்கள்.

"குணமானதுக்குத்தான் சர்ட்டிபிகேட் இருக்கே!" என்றாள் தங்கை.

"இல்லைன்னு எழுதிட்டு அதை எப்படிடி நீட்டறது?"

கணவனும் மகனும் கடல் தாண்டிப் போய் இரண்டு வருஷம். "எப்பம்மா வருவே?" என்று கேட்பதைக்கூட மகன் நிறுத்திவிட்டான். அந்த மௌனம் அவளை உள்ளே அரித்தது.

தங்கை ஏழு நிமிஷம் இளையவள். அச்சு அசல் அக்கா. "நான் போய்க் கையை நீட்டறேன். சின்ன வயசுல உனக்குக் காய்ச்சல்னா கம்பவுண்டர் அதே ஊசியை எனக்கும் சேத்துக் குத்துவாரே, அதைவிடவா?"

ஒரே வித்தியாசம், அக்காவின் வலக்கன்னத்து மச்சம். தங்கை அக்காவை எதிரே நிறுத்தி, பார்த்துப் பார்த்து மை வைத்தாள். கிளினிக்கில் ரத்தம் கொடுத்தாள், அங்கே எடுத்த போட்டோவுக்கும் முகம் காட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மச்சம் இடக்கன்னத்தில்.

"கண்ணாடியில பாக்கற மாதிரியே வச்சிட்டேன்க்கா!"

"அடிப்பாவி!"

நான்காம் நாள் கிளினிக்கிலிருந்து போன்: "நேர்ல வாங்க."

வைத்தியக் கேள்வி கேட்டால் தங்கை உளறிவிடுவாள் என்று இந்தத் தடவை அக்காவே கிளம்பினாள்; போட்டோவோடு ஒத்துப்போக, தன் மச்சத்தைப் பவுடரால் மூடி, இடப்பக்கம் மை வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் தெரிந்தவள் தங்கையாக நடிக்கும் தானா, தானாக நடித்த தங்கையா? சொந்த முகத்துக்கே ஆள்மாறாட்டம்.

தங்கை வெளியே பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

உள்ளே நர்ஸ் போட்டோவையும் முகத்தையும் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹெபடைடிஸ் சி காட்டுதும்மா" என்றாள்.

தங்கை கொடுத்த ரத்தத்திலா? அக்கா அவசரமாகக் கணக்குப் போட்டாள். சீசா மாறியிருக்கும், இல்லை, குட்டு உடைந்து தன் பழைய கோப்பைத் தோண்டியிருப்பார்கள். இனி மறைத்து என்ன? பையிலிருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்து நீட்டினாள். "பொய் எழுதிட்டேன். எனக்கு வந்து குணமாயிடுச்சுங்க."

நர்ஸ் அதை நிதானமாகப் படித்தாள்.

"குணமானவங்களுக்கு வெறும் தடம்தான் இருக்கும், அதுக்கு இந்தத் தாளே போதும், ஆனா அன்னிக்கு நீங்க கொடுத்த ரத்தத்துல வைரஸ் உயிரோட இருக்கேம்மா!"